பழைய கிட்டாரும் புதிய கிட்டாரும்: இனங்காண்பதிலும் மாற்றி அமைப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான மார்ட்டினின் மிகப் பழைய கிட்டார் ஒன்றின் உள்ளே 'நியூயார்க்' என்ற முத்திரையைப் பார்க்கிறவர், அது நியூயார்க்கில் செய்யப்பட்டது என்றே முடிவு கட்டுவார். நிறுவனத்தை நடத்திய மார்ட்டின் குடும்பமோ 1830-களின் இறுதியிலேயே பென்சில்வேனியா மாநிலத்தின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்துவிட்டது. விற்பனை நியூயார்க் முகவர்கள் வழியாக நடந்ததால் 1898 வரை முத்திரையில் பழைய ஊர்ப்பெயரே நீடித்தது. கிட்டாரின் மேல் எழுதியிருப்பதை முதலில் நம்பிவிட்டு மரத்தையும் அளவையும் பிறகு பார்ப்பதுதான், இனங்காண்பதில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவற்றின் வேர்.

வரிசை எண்ணும் இதற்கு விதிவிலக்கன்று. 1898 முதல் மார்ட்டின் கிட்டார்களின் எண் தொடர்ச்சியாக ஓடுகிறது. 1930-இன் பிற்பகுதியிலிருந்து மாடல் பெயரும் அதனுடன் கழுத்தின் அடிக்கட்டையில் பதிக்கப்படுகிறது. ஒலித்துளை வழியே கைவிளக்கு அடித்துப் பார்த்தால் ஆண்டு தெரிந்துவிடும். இந்த எளிமைக்குப் பழகியவர்கள் அதே நம்பிக்கையோடு மற்றொரு நிறுவனமான கிப்சனின் கிட்டாரை அணுகி ஏமாறுகிறார்கள். 1960-களில் கிப்சன் ஒரே எண்ணை வெவ்வேறு கிட்டார்களுக்குத் திரும்பத் திரும்ப வழங்கியது; 1970-களின் முற்பகுதியிலும் அந்தக் குழப்பம் தொடர்ந்தது. ஆகவே '1964 மாடல்' என்று விலை சொல்லப்படும் கிட்டாரின் தலைப்பகுதிக்குப் பின்னால் 'மேட் இன் யுஎஸ்ஏ' என்ற அச்சுக்குழி இருந்தால், அது 1970-க்குப் பிந்தையது என்றே கொள்ள வேண்டும். கழுத்தும் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டையான நட்டின் அகலத்தையும் அளந்து பாருங்கள். 1965 வாக்கில் அது ஏறத்தாழ 43 மி.மீ.யிலிருந்து 40 மி.மீ.க்குக் குறுகியது. தடித்த விரல்கள் உள்ளவருக்கு இந்த 3 மி.மீ. வெறும் சரித்திரக் குறிப்பு அல்ல.

ஜப்பானியக் கிட்டார்களில் வேறொரு மயக்கம் உண்டு. விற்பவர்கள் 'லாசூட் கிட்டார்' (வழக்குக்கு உள்ளான கிட்டார்) என்று கூவும் பழைய ஜப்பானிய அகூஸ்டிக்குகளுக்கும் உண்மையான வழக்குக்கும் தொடர்பு மிகக் குறைவு. 1977-இல் கிப்சனின் அன்றைய தாய் நிறுவனமான நார்லின், ஐபனேஸ் கிட்டார்களை அமெரிக்காவில் விநியோகித்த எல்கர் நிறுவனத்தின் மீது தொடுத்த அந்த வழக்கு தலைப்பகுதியின் வடிவத்தைப் பற்றியது; மையப்பொருளாக இருந்தவை எலெக்ட்ரிக் கிட்டார்கள். அதேபோல், 1966-இல் வந்த யமஹா எஃப்ஜி-180-ஐ ஒற்றைப் பலகை டாப் (மேற்பலகை) கொண்டது என்று விற்கிறார்கள். அதன் டாப் ஒட்டுப்பலகை. ஒலித்துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள்: மேலே தெரியும் நார்வரி விளிம்பில் மடிந்து அப்படியே கீழே இறங்கினால் ஒற்றைப் பலகை, அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை என்பதாலேயே அது மோசமான கிட்டார் ஆகிவிடாது. எஃப்ஜி-180 இன்றும் நன்றாகவே ஒலிக்கிறது. ஆனால் ஒற்றைப் பலகையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

மரத்தின் பெயரைக் கேட்டு மயங்குவதும் பரவலானது. மார்ட்டின் டி-28 போன்ற மாடல்களில் பிரேசில் ஈட்டி மரம் இருந்தது 1969 வரையில்தான். அதற்குப் பின் வந்தது இந்திய ஈட்டி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தோதகத்தி என்று அழைக்கப்படும் அதே மரம். 1970-களின் கிட்டார் ஒன்றை 'பிரேசிலியன்' என்று யாராவது சொன்னால், சான்று கேட்பது வாங்குபவரின் கடமை. உண்மையிலேயே பிரேசில் ஈட்டியாக இருந்தால் சிக்கல் வேறு விதமானது. 1992 முதல் அந்த மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய சான்றிதழ் இல்லாமல் அக்கிட்டாரை நாடு விட்டு நாடு கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிபோகலாம். இந்திய ஈட்டியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இன் இறுதியில் விலக்கு அளிக்கப்பட்டது. அந்த விலக்கு பிரேசில் மரத்துக்குப் பொருந்தாது.

தேர்ந்தெடுக்கும்போது செய்யப்படும் தவறுகளில் மிகவும் செலவு வைப்பது கழுத்தின் கோணத்தைப் பார்க்காமல் வாங்குவது. எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கும் மேலான விசையுடன் இழுக்கின்றன. பல பத்தாண்டுகள் அந்த இழுவையைத் தாங்கிய உடல் மெல்ல வளைந்து, கழுத்து முன்னோக்கிச் சாய்கிறது. கம்பிகள் விரற்பலகையிலிருந்து உயர்கின்றன. விற்பவர் என்ன செய்கிறார்? கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சாடிலைத் தேய்த்துக் கம்பியைத் தாழ்த்திவிடுகிறார். கடையில் எடுத்து வாசிக்கும்போது விரலுக்குச் சுகமாக இருக்கும். நோய் உள்ளேயே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அரை மீட்டர் நீளமுள்ள நேரான எஃகு அளவுகோல் ஒன்று போதும். அதை, விரற்பலகையின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளின் மேல் நடுவாக வைத்து, சாடிலைத் தாங்கி டாப்பில் ஒட்டியிருக்கும் கட்டையான பிரிட்ஜை நோக்கி நீட்டுங்கள். அதன் நுனி பிரிட்ஜின் மேற்பரப்பை உரசினாலோ அதற்குச் சற்று மேலே நின்றாலோ கோணம் நலமாக இருக்கிறது. நுனி பிரிட்ஜின் முன்முகத்தில் முட்டினால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது. பிறகு சாடிலைப் பாருங்கள். பிரிட்ஜுக்கு மேலே அது 3 மி.மீ. அளவுக்காவது எழுந்து நிற்க வேண்டும். நண்பர் ஒருவர் ஆசையோடு வாங்கி வந்த பழைய கிட்டாரில் சாடில் ஒரு நகக்கண் உயரம்கூட இல்லை. அதைவிட மோசம், 8 அல்லது 9 மி.மீ. இருக்க வேண்டிய பிரிட்ஜையே யாரோ 5 மி.மீ.க்குச் சீவியிருந்தார்கள். கழுத்தைத் திருத்துவதோடு புதிய பிரிட்ஜும் செய்ய நேர்ந்ததில், வாங்கிய விலைக்கு நிகராகச் செலவாயிற்று. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியை 1 மி.மீ. தாழ்த்த சாடிலில் 2 மி.மீ. குறைக்க வேண்டும் என்ற கணக்கை நினைவில் வைத்தால், மிச்சமிருக்கும் சாடில் எத்தனை நாளைக்கு வரும் என்பது உடனே விளங்கும்.

இந்த இடத்தில், கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகிப் பார்ப்பவர்கள் ஏராளம். டிரஸ் ராட் கழுத்தின் வளைவை மட்டுமே சரிசெய்யும். உடலோடு கழுத்து சேரும் கோணத்தை அது தொடாது. மேலும், 1985-க்கு முந்தைய மார்ட்டின்களில் திருகக்கூடிய ராடே கிடையாது. கழுத்தைத் திருத்தும் செலவை அஞ்சுபவர்கள் புதிய கிட்டார்களை நாடுவதில் நியாயம் இருக்கிறது. டெய்லர் நிறுவனம் 1999-இல் கொண்டுவந்த போல்ட் கழுத்தில், பசையை ஆவியால் இளக்கும் வேலையின்றி மெல்லிய தகடுகளை மாற்றியே கோணத்தைச் சரிசெய்துவிடலாம்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தைக் குடித்த டாப் உப்பும், கம்பி உயரும். இதைக் கழுத்தின் கோளாறு என்று எண்ணிச் சாடிலைத் தேய்த்துவிட்டால், ஏ.சி. அறையில் மரம் வற்றும்போது கம்பிகள் ஃபிரெட்டில் மோதி இரைச்சலிடும். ஒற்றைப் பலகைக் கிட்டாருக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. அமெரிக்கக் குளிர்காலத்துக்காகச் சொல்லப்பட்ட அறிவுரையைப் பின்பற்றி, அடைமழையில் ஈரப்பதமூட்டியை ஒலித்துளைக்குள் தொங்கவிடுபவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

கம்பி மாற்றுவதும் ஒரு மாற்றமே. மார்ட்டின் எஃகுக் கம்பிக்கென்றே கிட்டார் கட்டத் தொடங்கியது 1922 வாக்கில். அதற்கு முன்பு நரம்புத் தந்திக்காக மெல்லிய பிரேசிங்குடன் (டாப்பின் அடியில் ஒட்டும் தாங்குசட்டங்கள்) கட்டப்பட்டவற்றில் எஃகுக் கம்பியைப் பூட்டினால் பிரிட்ஜ் பெயரும், டாப் குழியும். நைலான் கம்பிகளின் இழுவை எஃகில் ஏறத்தாழப் பாதிதான் என்பதால், அந்தப் பழைய கிட்டார்களுக்கு நைலானே பொருத்தம்.

மங்கிய பூச்சைச் சுரண்டிப் புதுப் பூச்சு அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கிட்டாரின் மதிப்பு அதனால் பெருமளவு சரியும். தடித்த புதுப் பூச்சு ஒலியையும் அமுக்கும். சாராயம் கலந்த துடைப்பான்களும் ஆகாது, ஏனெனில் 1920-களுக்கு முந்தைய அரக்குப் பூச்சு சாராயத்தில் கரைந்துவிடும். நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுள்ள கிட்டாரை ரப்பர் ஸ்டாண்டில் நிறுத்தினால் தழும்பு நிற்கும்.

ஒலியை மின் சைகையாக்கும் பிக்கப் வேண்டுமானால், பக்கவாட்டில் சதுரமாக அறுத்து ப்ரீஆம்ப் (அந்தச் சைகையைப் பெருக்கும் கருவி) பொருத்துவதைப் பழைய கிட்டாரில் செய்யவே கூடாது. ஒலித்துளையில் கவ்விக்கொள்ளும் காந்தப் பிக்கப் ஒரு துளையும் கேட்பதில்லை. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனரை மாற்றும்போதும் பழைய திருகுத் துளைகளிலேயே பொருந்துபவற்றைத் தேடுங்கள். பெரிய தண்டுக்காகத் துளையை அகலப்படுத்திவிட்டால் பழைய டியூனர் திரும்பப் பொருந்தாது. கழற்றிய டியூனர், சாடில், பின்கள் எல்லாவற்றையும் ஒரு காகித உறையிலிட்டு, கழற்றிய தேதியையும் எழுதி, கிட்டார் பெட்டியின் உள்ளறையிலேயே வைத்துவிடுங்கள். அடுத்து அதை வாங்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், முதலில் அந்த உறையைத்தான் கேட்பார்.