கொழும்பிலிருந்து காட்டுக்கு: ஜீப் பிடிப்பதற்கு முதல்

ஓகஸ்ட் விடுமுறை நெருங்கினால் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்தவர்கள் கேட்பது ஒன்றுதான். "அக்கா, யாலவில தெரிஞ்ச ஜீப்காரர் ஆரும் இருக்கினமா? சிறுத்தை கட்டாயம் காட்டுவாரா?" ஜீப்காரர் இலக்கம் என்னிடம் இருக்கிறது, கொடுப்பேன். ஆனால் அதற்கு முதல் இரண்டு விஷயம் சொல்லிவிடுவேன். ஒன்று, யாலவுக்குப் போக முதல் ஒரு ஞாயிறு காலை பிள்ளைகளைப் பெல்லன்விலவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றது, ஜீப்காரரிடம் சிறுத்தையைக் கேட்காதீர்கள்.

முதலாவதிலிருந்து தொடங்குகிறேன். பெல்லன்வில – அத்திடிய சரணாலயம் தெகிவளையிலிருந்து ஓட்டோவில் போகிற தூரம்தான். 1990இல் வர்த்தமானியில் அறிவித்த, சுமார் 372 ஹெக்டேயர் சதுப்பு நிலம். வெரஸ் கங்கைப் பக்கம் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் சனம் அதில் நடக்கவும் ஓடவும் வரும். ஆறரைக்குள் அங்கே நிற்க வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு வெயிலும் ஏறிவிடும், பறவைகளும் புல்லுக்குள் போய்விடும்.

போனதும் நடக்காதீர்கள். தண்ணீர் தெரிகிற ஓரிடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, பத்து நிமிடம் வாய் திறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். அப்புறம் ஆகாயத்தாமரைக்குள் ஊதா நிறத்தில் ஏதோ அசையும். அதுதான் நீலத் தாழைக்கோழி. சிவந்த சொண்டு, சிவந்த கால், வாலை வெடுக்கென்று தூக்கும்போது அடியில் வெள்ளை. அது சாப்பிடுவதைக் கவனித்துப் பாருங்கள். ஒரு தண்டைச் சொண்டால் இழுத்து எடுத்து, ஒற்றைக் காலால் பிடித்துத் தூக்கி, அடிப்பக்கத்து இளசை மட்டும் கடிக்கும். இதைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த பத்து நிமிடம் நிற்கச் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்கத்திலேயே இலைக்கோழி நீள விரல்களைப் பரப்பி மிதக்கிற இலைகளுக்கு மேல் நடந்து போகும். அதில் முட்டையை அடைகாத்துக் குஞ்சைக் கூட்டித் திரிவது ஆண்தான். இதைச் சொன்னால் பிள்ளைகள் தங்கள் அப்பாவைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

மரப்பாலத்தில் நடந்தபடி பார்க்க விரும்புகிறவர்களுக்கு தலவத்துகொடையில் தியசரு பூங்கா, கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்கா இருக்கின்றன. அங்கே டிக்கெட் எடுக்க வேண்டும். மீன்பிடிப் பூனை என்கிற காட்டுப்பூனை இந்தக் கொழும்பு ஈரநிலங்களில் இன்றும் வாழ்கிறது. இரவில் திரிகிறபடியால் நம் கண்ணில் படுவது அரிது. 2018இல் கொழும்பை, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் கீழ், ஈரநில நகரமாக அங்கீகரித்தார்கள். முதன்முதல் அந்தப் பெயர் கிடைத்த 18 நகரங்களில் ஒன்று நம்முடையது.

பெல்லன்விலவில் என்ன பழகுகிறோம் என்றால், அசையாமல் நிற்பதையும் கிடைத்ததைப் பார்ப்பதையும். இந்த இரண்டும் வராத குடும்பம் யாலவில் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய் "அண்ணை, வேற இடம் போவம்" என்று தொடங்கிவிடும்.

சரி, இனிச் சட்டம். இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், எங்கே இறங்கலாம் எங்கே இறங்கக்கூடாது என்பதெல்லாம் இதில்தான் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. யாலவும் வில்பத்துவும் அதன் கீழ் 1938இல் தேசிய பூங்காக்களாயின. தேசிய பூங்கா முழுக்க அரச காணி. அனுமதிச் சீட்டோடு போகலாம், பார்க்கலாம், அவ்வளவுதான். குறித்த இடங்கள் தவிர வாகனத்தை விட்டு இறங்க முடியாது. சரணாலயம் என்றால் அதற்குள் தனியார் காணியும் வீடும் வயலும் இருக்கலாம். நீங்களும் நானும் சும்மா நடந்து போகலாம். ஆனால் விலங்கைக் கொல்வதோ கூட்டையும் முட்டையையும் தொடுவதோ அங்கேயும் குற்றம். கடுமையாகப் பாதுகாக்கிற இயற்கை ஒதுக்கங்களில் ஆய்வு போன்ற காரணத்துக்கு அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும்தான் இடம். யாலவின் ஒரு பகுதியே அப்படித்தான் இருக்கிறது. அங்கே எந்த ஜீப்காரரும் உங்களைக் கூட்டிப் போக முடியாது, கேட்கவும் கூடாது.

இன்னொன்று. சிங்கராஜவும் நக்கிள்ஸும் வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இல்லை, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ். அங்கே நடந்துதான் பார்க்க வேண்டும், அட்டைக்கு ஆயத்தமாகப் போங்கள். ஹோட்டன் சமவெளி தேசிய பூங்காதான் என்றாலும் அங்கேயும் நடை. போட்டிருக்கிற பாதையை விட்டு விலகாமல், கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீட்டர்.

எந்த மாதம் எங்கே போவது? இதில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள், ஏனென்றால் தங்கள் விடுமுறையை மட்டும் பார்த்துப் பூங்காவைத் தெரிவு செய்கிறார்கள். யாலவின் முதலாம் வலயத்தை வரட்சியின் உச்சத்தில், பெரும்பாலும் செப்டெம்பரில் தொடங்கி ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். தண்ணீர் இல்லாத காலத்தில் விலங்குகளை ஜீப்புகள் அலைக்கழிக்கக்கூடாது என்பதற்காக. அந்த நாட்களில் யாலவுக்கு ஹோட்டல் பதிவு செய்துவிட்டு வந்து வாசலில் சண்டை பிடிக்காதீர்கள்.

அதே வரட்சிதான் மின்னேரியவில் யானைகளைக் கூட்டுகிறது. மகாசேன மன்னன் கட்டிய குளம் ஓகஸ்ட், செப்டெம்பரில் வற்றி உள்வாங்கும்போது, வெளியே வந்த ஈரத் தரையில் புதுப்புல் முளைக்கும். சுற்றுவட்டாரக் காடுகளில் வேறு தண்ணீரும் புல்லும் இல்லாத நேரம் அது. தாய், குட்டி, பேத்தி என்று கூட்டம் கூட்டமாக மாலையில் இறங்கும், நூற்றுக்கணக்கில். இப்போது ஒரு கவலை வந்திருக்கிறது. மொரகஹகந்தை நீர்த்தேக்கத்திலிருந்து வரட்சி மாதங்களிலும் மின்னேரியவுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் குளம் வற்றாது, புல் தண்ணீருக்குள் கிடக்கும், யானை வேறு இடம் போகும். ஆகவே பக்கத்து ஊரான ஹபரணையில் இறங்கியதும் "இன்றைக்கு யானை எங்கே?" என்று கேளுங்கள். மின்னேரியவா, கவுடுல்லவா, ஹுருலுவா என்று அங்கே இருக்கிறவர்கள் சொல்வார்கள். மின்னேரியவுக்குத்தான் போவேன் என்று அடம்பிடிக்க ஒரு காரணமும் இல்லை.

என்னுடைய மனதுக்கு மிகப் பிடித்தது ஜூன், ஜூலையில் வில்பத்து. புத்தளம் தாண்டி அநுராதபுர வீதியால் போய் ஹுனுவிலகம வாசலுக்குப் போக நாலு மணித்தியாலம் பிடிக்கும். வன்னிப் பக்கம் ஊர் உள்ளவர்களுக்கு அந்த மாதம் என்ன மாதம் என்று தெரியும்: வவுனியா, கிளிநொச்சி வீதியோரத்தில் பாலைப்பழம் விற்கிற மாதம். சிறிய மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிப்பு, தின்று முடிய உதட்டில் அதன் பால் ஒட்டிக்கொண்டு விடாது. அந்தப் பழத்துக்குத்தான் கரடியும் வருகிறது. மற்றக் காலத்தில் புற்றைக் கிண்டிக் கறையான் தின்றுகொண்டு மறைவில் திரிகிற கரடி, பாலை பழுத்ததும் பட்டப்பகலில் மரத்தில் ஏறும். கீழே உதிர்ந்த பழத்துக்கு மான், பன்றி, குரங்கு எல்லாம் சேரும். ஆகவே பழுத்த பாலை மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இயந்திரத்தை அணைக்கச் சொல்லிவிட்டு இருங்கள். அடியில் புதுக் கீறல் உள்ள மரமா என்று பார்த்தால் கரடி ஏறிய மரமா என்று தெரிந்துவிடும். வில்பத்துவில் வில்லு என்கிற இயற்கைத் தடாகங்களும் நிறைய. அவற்றின் கரையில் காத்திருந்தால் எது வராது?

நவம்பரிலிருந்து மார்ச் வரை மன்னார். வங்காலைச் சரணாலயத்துக்கு டிக்கெட்டும் ஜீப்பும் தேவையில்லை. மன்னாருக்குப் போகிற பெருவழியின் இரு பக்கத்துச் சேற்று நிலமே அதுதான். பூநாரையும் வாத்துக் கூட்டமும் வலசை வந்து இறங்குகிற இடம், 2010இலிருந்து ராம்சர் தலம். தலைமன்னார் ரயிலிலும் போகலாம்.

இனி ஜீப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாம் இங்கேதான் கெடுகிறது.

"சிறுத்தை காட்டினால் ரெண்டாயிரம் கூடத் தாறன்" என்று ஒருவர் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓட்டுநருக்கும் குடும்பம் இருக்கிறது, அவர் அந்த இரண்டாயிரத்துக்கு ஓடுவார். பூங்காவுக்குள் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. மற்ற ஜீப்பிலிருந்து போன் வந்ததும் அந்த விதி புழுதியில் போய்விடும். போய்ச் சேர்ந்தால் ஒரு வளைவில் முப்பது ஜீப் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மரக்கிளையில் ஒரு வால் மட்டும் தெரியும். அந்தச் சிறுத்தை கீழே இறங்கித் தண்ணீருக்குப் போக வழியில்லாமல் இருக்கும். வழியில் நீங்கள் கடந்து வந்த ஆந்தை, கீரி, முதலை, மயில் எல்லாவற்றையும் புழுதி மூடியிருக்கும். நானே ஒரு முறை இப்படியான நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சிக்கினேன். அதில் எனக்குக் கோபம் ஓட்டுநர்கள் மீது இல்லை. கேட்டதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

ஆகவே கேட்பதை மாற்றுங்கள். முதல் நாள் போனிலேயே சொல்லுங்கள்: "எங்களுக்குச் சிறுத்தை வேண்டாம், பறவையும் யானையும் போதும். மெதுவாகப் போனால் கடைசியில் சந்தோஷமாகத் தருவோம்." தமிழ் விளங்காதவர் என்றால் சிங்களத்தில் "ஹெமின் யமு", அதாவது மெதுவாகப் போவோம், என்ற இரண்டு சொல் போதும். உள்ளே போனதும் ஏதாவது விலங்கு தெரிந்தால் இயந்திரத்தை அணைக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே நாலைந்து ஜீப் நிற்கிற இடத்தில் நிற்காமல் தாண்டச் சொல்லுங்கள். இப்படிச் சொல்கிற ஆட்கள் கிடைத்தால் நல்ல ஓட்டுநர்கள் முகம் மலர்ந்துவிடுவார்கள். தங்களுக்குத் தெரிந்த கூடு, குகை, குளக்கரை எல்லாம் காட்டுவார்கள். இப்படி மெதுவாகப் போகும்போது சிறுத்தை தானாகக் குறுக்கே வந்ததும் உண்டு.

காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும், மாலை ஆறுக்கு வெளியே வந்துவிட வேண்டும். ஜீப் வாடகை வேறு, நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வையுங்கள். உள்ளூர்க் கட்டணத்துக்குப் பெரியவர்கள் எல்லோரும் அடையாள அட்டை கொண்டு போங்கள். கனடா, லண்டனிலிருந்து வந்த சித்தப்பா குடும்பத்தை ஜீப்பில் நடுவில் இருத்தி உள்ளூர்க் கட்டணத்தில் கூட்டிப் போகப் பார்க்காதீர்கள். வெளிநாட்டுக் கட்டணம் பல மடங்கு என்பது உண்மைதான், அதை அவர்களுக்குக் கொழும்பிலேயே சொல்லிவிடுங்கள்.

கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. தண்ணீர், தொப்பி, புழுதிக்கு ஒரு துணி, முடிந்தால் இரவலுக்காவது ஒரு பைனாகுலர். சாப்பாட்டை லன்ச் ஷீட்டில் சுற்றாமல் டிஃபின் பெட்டியில் கட்டுங்கள். ஷீட் காற்றில் பறந்தால் சோற்று வாசனைக்கு மான் அதையும் சேர்த்துத் தின்னும். வாசனைத் திரவியமும் பளிச்சென்ற உடுப்பும் வேண்டாம்.

யானை கிட்ட வந்தால்? அது புல் தின்பதை நிறுத்திவிட்டு, காதை விரித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால் நாம் கூடக் கிட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம். சத்தம் போடாமல், எழுந்து நிற்காமல், ஓட்டுநரைப் பின்னால் எடுக்கச் சொல்லுங்கள். கன்னத்தில் மதநீர் வழிகிற ஆண் யானை என்றால் முதலிலேயே தள்ளி நில்லுங்கள். உடவலவைப் பக்கமும் கதிர்காமம் போகிற வீதியிலும் யானை வேலியோரம் வந்து நிற்கும், சனம் வாழைப்பழமும் விளாம்பழமும் நீட்டும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பிள்ளை அழுதாலும் செய்யாதீர்கள். பழத்துக்குப் பழகிய யானை வாகனத்தை மறிக்கத் தொடங்கும். பிறகு மனிதர் சாவார், அல்லது அந்த யானையைப் பிடித்துக்கொண்டு போவார்கள்.

நம்மவர்களில் பலர் கால்நடையாகவே ஒரு தேசிய பூங்காவைக் கடக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். கதிர்காமக் கொடியேற்றத்துக்கு முன் பாத யாத்திரைக்காக உகந்தை முருகன் கோயிலடியில் குமண காட்டு வாசலைக் குறித்த சில நாட்கள் திறந்துவிடுவார்கள். நடக்கக்கூடாத காட்டில் நடப்பதற்குக் கிடைக்கிற விதிவிலக்கு அது. போகிறவர்கள் கூட்டத்தை விட்டுப் பிரியாதீர்கள், விடிவதற்கு முன்னும் இருட்டிய பின்னும் நடக்காதீர்கள். தண்ணீர்ப் போத்தலையும் கற்பூரம் சுற்றிய உறையையும் பையிலேயே வைத்துக் கதிர்காமம் வரை கொண்டு வாருங்கள். காட்டுக்குள் தண்ணீர் கிடைக்கிற இடங்கள் சில மட்டுமே, அவற்றில் விலங்குகளும் குடிக்க வேண்டும். சவர்க்காரம் போட்டு அதில் குளிக்காதீர்கள்.

கொழும்பில் இருந்தபடி செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. கபரக்கொய்யாவோ மலைப்பாம்போ வீட்டு வளவுக்குள் வந்தால் தடியை எடுக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். பெல்லன்விலவில் நடக்கப் போகிற நாளில் சரணாலயத்துக்குள் லொறியில் மண் கொட்டுவதைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அதே இலக்கத்துக்குச் சொல்லுங்கள். பொரலஸ்கமுவ, இரத்மலானைப் பக்கத்து மழைத் தண்ணீர் பொல்கொடை ஏரிக்கு வடிகிற வழி அந்தச் சதுப்புதான். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். படம் எடுக்க முடிந்தால், ஆட்களோடு வாக்குவாதப்படாமல் தூரத்தில் நின்று லொறியின் இலக்கத் தகடு தெரிகிற மாதிரி எடுங்கள்.