சுவரோவியம் எடுக்க மப்பு நாளே நல்லது

ஹட்டன், பதுளைப் பக்கம் சுவரோவியங்களைப் படம் எடுக்க வெயிலுக்காகக் காத்திருக்காதீர்கள்; வானம் மப்பாக இருக்கும்போதே போனை எடுங்கள். மேகம் வெளிச்சத்தைச் சீராகப் பரப்புவதால் எனாமல் பெயின்ட் பளபளக்காது, கரன்ட் கம்பியின் நிழலும் ஓவியத்தின் குறுக்கே விழாது. 2019 கடைசியில் இலங்கை முழுக்க இளைஞர்கள் தீட்டிய சுவர்கள் மாதிரி, நிறம் மங்கத் தொடங்கிய பழைய ஓவியங்களுக்கு இது ரொம்பவே உதவும். சுவருக்கு நேர் எதிரே நின்று கொஞ்சம் தள்ளியே எடுங்கள், ஓரத்தை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம்.

மழை விட்ட உடனே மட்டும் வேண்டாம், ஈரச் சுவர் கண்ணாடி மாதிரி மினுங்கும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் நிறமே செத்துவிடும். சிமெந்தில் புடைப்பாகச் செய்த உருவங்களுக்கும் மப்பு வெளிச்சம் சரிவராது. அவற்றுக்குப் பக்கவாட்டில் விழும் காலை வெயில்தான் வேண்டும்.