ரா படங்களில் நிறம் ஒரே சீராக வர என்ன செய்யலாம்?

கேமராவின் பின்திரையில் பார்த்த நிறம் ஒன்று, கணினியில் ரா (raw, கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும்) கோப்பைத் திறந்ததும் தெரிவது வேறொன்று. பின்திரையில் தெரிவது கேமரா தன் கைப்பக்குவத்தில் சமைத்துக் காட்டும் ஜேபெக். ரா கோப்பில் இருப்பதோ வெறும் எண்கள். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு ஃபில்டர் வழியாக வாங்கிய வெளிச்சத்தின் அளவு, அவ்வளவுதான். அதை என்ன நிறமாகக் காட்டுவது என்று மென்பொருள்தான் முடிவு செய்கிறது. அந்த முடிவுக்கு நாம் ஒரு அளவுகோலைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: திரை

மானிட்டர் பொய் சொன்னால் ஸ்லைடரை எவ்வளவு இழுத்தும் பயனில்லை. கலரிமீட்டர் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் வெண்மை டி65 (பகல் வெளிச்சத்தின் வெண்மை), காமா 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டலா என்று வைத்து கேலிபரேட் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் நைட் மோடு, ஆட்டோ பிரைட்னஸ், விவிட் மோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். அதுவே பெரிய வித்தியாசம்.

படி 2: எடுக்கும்போதே ஒரு சாட்சி

என்னைக் கேட்டால் இதுதான் உயிரான படி. படம் எடுக்கப் போகும் அதே வெளிச்சத்தில், ஆள் நிற்கும் அதே இடத்தில் ஒரு கிரே கார்டை (எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அட்டை) பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்டின் மேல் கை நிழல் விழக் கூடாது, பளபளப்பு அடிக்கக் கூடாது. வெளிச்சம் மாறினால் மறுபடியும் ஒன்று. வெள்ளைத் தாளே போதாதா என்று பலர் கேட்பார்கள், போதாது. பெரும்பாலான தாள்களில் பளிச்சென்று தெரிவதற்காகச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதாக் கதிரை வாங்கி நீலமாக வெளியே விடும், அதை வைத்து வொயிட் பேலன்ஸ் (வெள்ளையும் சாம்பலும் நிறச் சாயல் இல்லாமல் தெரியும்படி சரிசெய்வது) செய்தால் படம் மஞ்சள் பக்கம் சாய்ந்துவிடும்.

கேமராவில் ஆட்டோ வொயிட் பேலன்ஸை விட்டு டேலைட் போல ஏதாவது ஒன்றில் நிறுத்தி வையுங்கள். ரா தரவை அது மாற்றாது. ஆனால் எல்லாப் படங்களும் ஒரே இடத்திலிருந்து தொடங்கும்.

படி 3: வொயிட் பேலன்ஸ்

லைட்ரூம், ரா தெரபி போன்ற ரா மென்பொருளில் ஐட்ராப்பரை (நிறத்தைத் தொட்டு எடுக்கும் கருவியை) எடுத்து கார்டின் மேல் ஒரு கிளிக். அதே மதிப்பை அந்த வெளிச்சத்தில் எடுத்த எல்லாப் படங்களுக்கும் காப்பி செய்யுங்கள். டார்க்டேபிள் என்ற ரா மென்பொருளின் புதிய பதிப்புகளில் மட்டும் வொயிட் பேலன்ஸ் மாட்யூலைத் தொடாமல், கலர் கேலிபரேஷன் மாட்யூலில் இதைச் செய்ய வேண்டும். சூரிய அஸ்தமனத்தில் எடுத்ததற்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்தச் செம்மை போய்விட்டால் படத்தில் என்ன மிச்சம்?

படி 4: ப்ரொஃபைல்

சாம்பல் சரியாக வந்த பிறகும் சிவப்புச் சட்டை ஒரு கேமராவில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் ரோஜாவாகவும் தெரியலாம். ஒவ்வொரு சென்சாரின் ஃபில்டரும் வேறு, எதுவும் நம் கண்ணைப் போலவே பார்ப்பதில்லை. இதற்குத்தான் 24 கட்டங்கள் கொண்ட கலர்செக்கர் அட்டை. வெள்ளைக் கட்டம் வெளுத்துப் போகாத எக்ஸ்போஷரில் அதைப் படமெடுத்து, டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றி, அட்டையுடன் வரும் மென்பொருளில் கொடுத்தால் டிசிபி ப்ரொஃபைல், அதாவது அந்தக் கேமராவின் நிறங்களை எப்படித் திருத்துவது என்று மென்பொருளுக்குச் சொல்லும் கோப்பு, தயார். வெயிலுக்கு ஒன்று, குண்டு பல்புக்கு ஒன்று என எடுத்து இரண்டையும் சேர்த்தும் ஒரே ப்ரொஃபைலாகச் செய்யலாம். டார்க்டேபிள் டிசிபியைப் படிக்காது. அதில் அட்டையை வைத்து நேரடியாகவே சரிசெய்யும் வசதி இருக்கிறது. இரண்டு கேமராவில் ஒரே நிகழ்ச்சியை எடுப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் செய்தே ஆக வேண்டும்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: மட்டமான எல்இடி விளக்கில் சிவப்பு அலைநீளமே குறைவு. வராத வெளிச்சத்தை எந்த ப்ரொஃபைலும் கொண்டுவராது. ஜன்னல் வெளிச்சமும் பல்பும் கலந்திருந்தால் பல்பை அணைப்பதுதான் சுலபமான வைத்தியம்.

படி 5: வெளியே அனுப்புதல்

எக்ஸ்போஷரையும் கான்ட்ராஸ்டையும் முடித்த பிறகுதான் நிறத்தில் கை வையுங்கள், ஏனென்றால் கான்ட்ராஸ்ட் ஏற ஏற நிறமும் அடர்த்தியாகும். அப்புறம் இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபி (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற வரம்பு), அதன் ப்ரொஃபைலைப் படக் கோப்புக்குள்ளேயே எம்பெட் செய்து எக்ஸ்போர்ட். அதைவிட மிக அகலமான நிற வரம்பான ப்ரோஃபோட்டோவில் சேமித்து, எம்பெட் செய்யவும் மறந்துவிட்டால், பார்ப்பவர் திரையில் முகமெல்லாம் சோகை பிடித்த மாதிரித்தான் தெரியும்.