தன்னார்வலரும் மத அடையாளமும்: ஒரே வரியில் ஒரு விதி

அரசு மருத்துவமனை வார்டுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும்போது இதை மட்டும் சொல்லிவிடுங்கள்: "உடம்பில் இருப்பது இருக்கட்டும், கையில் எதுவும் வேண்டாம்." திருநீறு, சிலுவை, தொப்பி, ஹிஜாப் எல்லாம் சரி. பிரசாதம், ஜெப எண்ணெய், துண்டுப் பிரசுரம் கூடாது.

டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவரால் எழுந்து போக முடியாது. உதவிக்கு வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லவும் கூசுவார். பிரசாதத்தில் இன்னொரு ஆபத்து: அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருப்பவர் ஒரு வாய் சாப்பிட்டாலும் ஆபரேஷன் தள்ளிப்போகலாம்.

ஐ.சி.யு.வுக்கு இந்த விதி போதாது. அங்கே மணிக்கட்டுக் கயிறும் கூடாது, ஈரக் கயிற்றில் கிருமி தங்கும். நோயாளியே பிரார்த்தனை கேட்டால்? நர்ஸிடம் சொல்லி, நோயாளி விரும்பும் ஆளை வரவழையுங்கள்.