தங்கச்சி பிள்ளையோடு வந்து நிற்கும்போது அண்ணன்மார் செய்யும் தவறுகள்

மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார் என்று தங்கை வீட்டுக்கு வந்த அந்த வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய்க் கத்திவிட்டு வந்தேன். திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்: "போறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியாண்ணா?"

கேட்கவில்லை. சேர்த்து வைப்பதா, அறுத்து விடுவதா என்று அவளை அடுக்களையில் விட்டுவிட்டுக் கூடத்தில் நாங்களே பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது பணம். மாதம் பிறந்ததும் எல்லார் முன்னாலும் மூவாயிரத்தை அவள் கையில் கொடுத்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி அவள் இரண்டாவது தோசை வேண்டாமென்று எழுந்துவிட்டாள். அப்புறம்தான் உறைத்தது. பையனின் ஸ்கூல் வேன் காசை நேரே வேன்காரரிடமே கட்டினேன். வேறென்ன வேண்டுமென்று கேட்டதற்கு, தையல் மெஷினுக்கு ஒரு மோட்டார் போதும் என்றாள்.

அவசரத்தில் பத்திரம் எழுதுவது இதையெல்லாம்விட ஆபத்து. 'இனி தொடர்பில்லை' என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது என நினைக்கிறோம். அப்படிப் பிரிவது தங்கள் சமூக வழக்கம் என்று நிரூபிக்க முடிந்தால் ஒழிய, இந்து திருமணச் சட்டப்படி மணமுறிவைக் கோர்ட்டுதான் தர முடியும். விட்டுப் போனதையே காரணமாகக் காட்ட 2 ஆண்டு தொடர்ந்து பிரிந்திருக்க வேண்டும். ஜீவனாம்சத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. அதைக் கேட்க உதவும் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவு. வழக்கு முடியும்வரை இடைக்கால ஜீவனாம்சமும் கேட்கலாம். வக்கீல் ஃபீஸுக்காக நகையை அடகு வைக்க ஓட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100க்கு போன் செய்து விசாரிக்கலாம். கல்யாணத்தில் அவளுக்குப் போட்ட நகை அவளுடையது. அதைத் திருப்பிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

'ஏதாவது தகவல் உண்டா?' என்று தினமும் விசாரிக்கும் சித்திமாரின் போனை நீங்களே எடுங்கள்.

கடைசியாக, பிள்ளை காதில் விழும்படி மாப்பிள்ளையைத் திட்டுவது. ஒருநாள் பையன் என்னிடம் வந்து, "நான் அப்பா மாதிரியே இருக்கேனாமே மாமா, அப்ப நானும் கெட்டவனா?" என்றான். அன்றோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவைத்தான் இன்னும் நிறுத்த முடியவில்லை.