பேஸ் கிட்டார்: கம்பி வாங்குவதிலிருந்து இன்டொனேஷன் வரை

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மெல்லிசைக் குழுவிலோ ஞாயிறு ஆராதனையிலோ பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான, பெரும்பாலும் நான்கு கம்பி கிட்டார்) வாசிப்பவர்களின் கிட்டாரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாதிப் பேர் வாங்கிய அன்று இருந்த கம்பியிலேயே இன்னும் வாசித்துக்கொண்டிருப்பார்கள். சோம்பல் என்று சொல்ல முடியாது. உள்ளூர்க் கடையில் கிட்டார் கம்பி கேட்டால் ஆறு கம்பி செட்தான் எடுத்துத் தருவார்கள். பேஸ் கம்பிக்குப் பெங்களூர் போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் போட வேண்டும். வாங்கி வந்து மாற்றினாலும் செட்டப் (கிட்டாரின் அளவுகளைச் சரிப்படுத்தி வைத்திருப்பது) கலைந்துபோகுமோ என்ற பயம் வேறு. அதைச் சரிசெய்து தர பக்கத்தில் ஆள் கிடையாது.

நானும் அப்படித்தான் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். வேலை ஒன்றும் கடினம் இல்லை, வரிசைதான் முக்கியம்: கம்பி, ட்யூனிங், நெக் (விரல் வைக்கும் நீளமான கழுத்து), கம்பி உயரம், இன்டொனேஷன் (நெக்கில் எங்கே அழுத்தினாலும் சுரம் சரியாக வருவது), கடைசியாக பிக்கப் (கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்பும் பாகம்). நெக்கைத் தொட்டால் உயரம் மாறும். உயரத்தைத் தொட்டால் இன்டொனேஷன் மாறும். தலைகீழாகப் போனால் செய்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

எந்தக் கம்பி?

முதலில் நீளம். நெக்கின் நுனியில் கம்பியைத் தாங்கும் நட்டிலிருந்து, மறுமுனையில் பிரிட்ஜ் மேல் தாங்கும் சாடில் வரை உள்ள தூரம்தான் ஸ்கேல். பெரும்பாலான எலக்ட்ரிக் பேஸ் 34 இன்ச். 1951-இல் வந்த ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் காலத்திலிருந்தே அதுதான் வழக்கம். 30 இன்ச், 32 இன்ச் பேஸ்களும் இருக்கின்றன, அக்கூஸ்டிக் பேஸில் இவை சகஜம். அட்டையில் லாங், மீடியம், ஷார்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சின்ன ஸ்கேலுக்கு நீளமான கம்பி போட்டால் தடித்த பகுதியே பெக்கில் (ட்யூன் செய்யத் திருகும் முளை) சுற்றும், அங்கேயே உடையும்.

அடுத்து தடிமன். 45–105 என்றால் மெல்லிய ஜி கம்பி ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் 45 பங்கு, தடித்த ஈ கம்பி 105 பங்கு. 34 இன்ச் பேஸில் இப்படி ஒரு செட் சாதாரண ட்யூனிங்கில் நெக்கை ஏறத்தாழ 80 கிலோ விசையோடு இழுக்கும். தடிமன் மாறினால் இந்த இழுவையும் மாறும், நெக்கின் வளைவும் மாறும். அதனால் முதல் தடவை மாற்றுபவர் இப்போது இருக்கிற அளவையே வாங்குவது நல்லது. அளவு தெரியவில்லையா? 45–105 வாங்குங்கள். புது பேஸ்களில் 45–100 அல்லது 45–105தான் பெரும்பாலும் வரும்.

இப்போது கம்பியின் உலோகமும், வெளிச்சுற்றின் வகையும். எலக்ட்ரிக் பேஸின் பிக்கப் காந்தத்தால் வேலை செய்வது. அதற்கு இரும்பு, நிக்கல் மாதிரி காந்தம் ஈர்க்கும் உலோகம் வேண்டும். நிக்கல் பூசிய ஸ்டீல் நடுத்தரமான ஒலி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பளீரென்று கேட்கும், ஃப்ரெட்டையும் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) சீக்கிரம் தேய்க்கும். அக்கூஸ்டிக் பேஸுக்கு வரும் பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை எலக்ட்ரிக்கில் போட்டால் உள்ளே இருக்கும் ஸ்டீல் மட்டுமே பிக்கப்புக்குத் தெரியும், வெளிச்சுற்று தெரியாது. ஒலி சன்னமாகிவிடும். எதிர்ப்பக்கமாக, நிக்கல் கம்பியை அக்கூஸ்டிக்கில் தாராளமாகப் போடலாம். ஆம்ப் இல்லாமல் வாசிக்கும்போது கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

ரவுண்ட்வவுண்ட் என்பது வெளிச்சுற்று உருண்டைக் கம்பியால் ஆனது. விரல் நகரும்போது கீச்சென்று கேட்கும், ஒலியில் கூர்மை இருக்கும். ஃப்ளாட்வவுண்ட் தட்டையான பட்டையால் சுற்றியது. வழவழப்பு, ஆழம், குறைந்த கூர்மை. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தடித்த ஃப்ளாட்வவுண்ட்தான் போட்டிருந்தார், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது பேஸ் உலகில் எல்லோரும் அறிந்த சங்கதி. கறுப்பு நைலான் சுற்றிய டேப்வவுண்ட் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, ஃப்ரெட் இல்லாத பேஸுக்கு அருமை.

என் கட்சி இதுதான். மேடையில் பழைய சினிமாப் பாட்டு வாசிப்பவர் ஃப்ளாட்வவுண்ட் போடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் வியர்வையும் அழுக்கும் அடைய இடுக்கு இல்லை, வருடக்கணக்கில் உழைக்கும். பெங்களூருக்கு அடிக்கடி ஓட முடியாத நமக்கு அதுதான் லாபம். ஸ்லாப் (கட்டைவிரலால் கம்பியைத் தட்டும் பாணி) அடிப்பவர், ஆராதனையில் புதுப் பாடல்கள் வாசிப்பவர் நிக்கல் ரவுண்ட்வவுண்ட் பக்கம் போங்கள். டாடாரியோ கம்பெனியின் 45–105 நிக்கல் செட் ஒன்றை எப்போதும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

கருவிகள்

இசைக் கடையில் தேட வேண்டாம். நெக் வளைவை அளக்க ஃபீலர் கேஜ் வேண்டும். பைக் மெக்கானிக் டேப்பட் இடைவெளி பார்ப்பாரே, அதேதான். எந்த ஊர் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையிலும் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் கோடு உள்ள ஸ்டீல் ஸ்கேல் ஒன்று. எழுதுபொருள் கடை ஸ்கேலில் முனைக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம் இருக்கும், அது நமக்கு ஆகாது. முனையிலிருந்தே கோடு தொடங்கும் ஸ்கேல் ஓசூரில் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். ஆலன் கீ செட், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், நல்ல கட்டிங் பிளேயர். ஆலன் கீயில் மட்டும் கவனம்: சில அமெரிக்க மாடல்களுக்கு இன்ச் அளவு, ஆசியத் தயாரிப்புகளுக்குப் பெரும்பாலும் மில்லிமீட்டர். கொஞ்சம் லூஸாக இருக்கும் கீயைப் போட்டுத் திருகினால் நெக்கின் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் கம்பியின் நட்டு உள்ளே மழுங்கிவிடும், அப்புறம் அதைத் திருக வழியில்லை. ஐபனீஸ் மாதிரி சிலவற்றில் ஆலன் கீயே கிடையாது, பாக்ஸ் ஸ்பேனர்தான்.

ட்யூனர் விஷயத்தில் ஒன்று. திறந்த ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ். மொபைல் மைக்குக்கு அது சரியாக எட்டாது, முள் ஆடிக்கொண்டே இருக்கும். கேபிளில் சொருகும் ட்யூனர் வாங்குங்கள். அது இல்லாவிட்டால் 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை (அழுத்தாமல், ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) வைத்து ட்யூன் பண்ணுங்கள்.

கம்பி மாட்டுதல்

ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். புதுக் கம்பியைப் பிரிட்ஜில் கோத்து, பெக் வரை இழுத்து, பெக்கைத் தாண்டி பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் விட்டு அந்த இடத்தில் செங்குத்தாக மடக்குங்கள். மடக்கிய பிறகு, மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சில கம்பிகளில் வெளிச்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவிவிடும், அந்தக் கம்பி அதன்பின் உயிரில்லாமல் ஒலிக்கும். இரண்டு, மூன்று சுற்று மேலிருந்து கீழாக விழ வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறக் கூடாது. மாட்டும்போது கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பாருங்கள்.

அக்கூஸ்டிக்கில் பிரிட்ஜ் பின்னைக் குத்திய பிறகு கம்பியை மெதுவாக மேலே இழுத்து, குண்டு முனை உள்ளே பலகையில் போய் உட்கார்ந்ததை உறுதிசெய்யுங்கள். பின்னிலேயே தொங்கினால் ட்யூன் ஏற ஏறப் பின் எகிறும்.

நெக்

ட்யூன் செய்துவிட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்துங்கள். ஏழு, எட்டாம் ஃப்ரெட் மேல் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? 0.3 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் போதும். கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராட் நட்டை, அதற்கு நேராக நின்று பார்த்து, கடிகார முள் திசையில் திருக வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் எதிர்த்திசையில். ஒரு தடவைக்குக் கால் சுற்று. மறுபடி ட்யூன், மறுபடி அளவு. இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள், விட்டுவிடுங்கள்.

இதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. சித்திரை வெயிலில் தர்மபுரியில் காற்று காய்ந்து கிடக்கும், ஐப்பசி மழையில் ஊறியிருக்கும்; மரம் இரண்டுக்கும் அசையும். கோடையில் திடீரென முதல் சில ஃப்ரெட்களில் கிர்ரென்று சத்தம் வந்தால் கம்பியைத் திட்டாமல் முதலில் இந்த இடைவெளியை அளங்கள்.

உயரம்

12-ஆம் ஃப்ரெட்டின் மேலிருந்து கம்பியின் அடிப்பகுதி வரை ஈ 2.5 மில்லிமீட்டர், ஜி 2 மில்லிமீட்டர். தொடங்க இது போதும். பலமாக அடிப்பவர் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். எலக்ட்ரிக்கில் சாடிலில் இருக்கும் சின்ன ஆலன் ஸ்குரூதான் இதற்கு.

அக்கூஸ்டிக்கில் ஸ்குரூ இல்லை. சாடிலைக் கழற்றி அடியில் தேய்க்க வேண்டும். 12-ஆம் ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் குறைய சாடிலில் இரண்டு மில்லிமீட்டர் போக வேண்டும். மட்டமான கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, பென்சில் கோடு வரை தேயுங்கள். அடி துளிகூடக் கோணக் கூடாது. அதன் கீழே இருந்து அழுத்தத்தை உணரும் பியெஸோ பிக்கப்பில் ஒரு கம்பி மட்டும் சன்னமாகக் கேட்பதற்கு இந்தக் கோணல்தான் பெரும்பாலும் காரணம். பழைய சாடிலைத் தொடாமல் வைத்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்கித் தேய்ப்பது என் பழக்கம்.

இன்டொனேஷன்

இங்கேதான் நான் ரொம்ப நாள் மாட்டிக்கொண்டு நின்றேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

செயல் எளிது. 12-ஆம் ஃப்ரெட் ஹார்மோனிக்கை ட்யூனரில் பாருங்கள். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி வாசித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறிக் காட்டினால் சாடிலைப் பின்னுக்கு, அதாவது நெக்கிலிருந்து விலக்கி நகர்த்துங்கள். இறங்கிக் காட்டினால் முன்னுக்கு. ஸ்குரூவைத் திருகும் முன் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு மறுபடி ட்யூன்.

என் பேஸில் ஏ, டி, ஜி மூன்றும் அடங்கிவிட்டன. ஈ மட்டும் அடங்கவில்லை. சாடில் கடைசி வரை பின்னே போய், ஸ்பிரிங் நசுங்கி, அதற்கு மேல் இடமே இல்லை. அப்போதும் அழுத்திய சுரம் ஏறியே காட்டியது. கம்பி போலியோ என்றுகூடத் தோன்றியது.

விஷயம் கம்பியின் வளைவில் இருந்தது. தடித்த புதுக் கம்பி சாடில் மேல் சட்டென்று மடங்காது. ஒரு சின்ன வளைவாக எழும்பி, சற்றுத் தள்ளித்தான் நேராகும். அப்போது கம்பி எங்கிருந்து அதிர்கிறது என்பது சாடில் முனையில் இல்லை, அந்த வளைவில் எங்கோ இருக்கிறது. நட் பக்கமும் இதே கதை. சாடிலுக்கு முன்னால் ஒட்டினாற்போல் கட்டைவிரலை வைத்து கம்பியைக் கீழ்நோக்கி அழுத்துங்கள், நட்டை ஒட்டியும் அப்படியே. நசுக்க வேண்டாம், மடிப்பு விழுந்தால் போதும். மறுபடி ட்யூன் செய்து பார்த்தபோது ஈ கம்பி பேச்சுக் கேட்டது, சாடிலையும் முன்னே கொண்டுவர முடிந்தது. இப்போது புதுக் கம்பி போட்டால் இன்டொனேஷன் பார்க்கும் முன் நான்கு கம்பிக்கும் இதைச் செய்துவிடுகிறேன்.

இதற்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் மூன்று சந்தேகம்: மாட்டும்போது கம்பி முறுக்கிக்கொண்டிருக்கலாம், பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருந்து காந்தம் இழுக்கலாம், அப்போது ஒரே சுரத்தில் அலையடிப்பது போலக் கேட்கும், அல்லது நீங்கள் ட்யூனரைப் பார்க்கும் ஆர்வத்தில் விரலை வழக்கத்தைவிட பலமாக அழுத்தலாம். அக்கூஸ்டிக்கில் சாடில் நகராது, ஒன்றிரண்டு சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) வித்தியாசத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள்.

பிக்கப்

கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி பிக்கப்பிலிருந்து ஈ கம்பி 3 மில்லிமீட்டர், ஜி கம்பி 2.5 சுற்றி. அப்புறம் காதுதான். நான்கும் ஒரே அளவு சத்தம் வந்தால் சரி.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் வந்த கேள்விகளில் சில இங்கே இருப்பது நல்லது.

டேப்வவுண்ட் போட்ட பிறகு, கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் நிற்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். உலோகக் கம்பியைத் தொடும்போது உங்கள் உடல் எர்த்தோடு சேர்வதால் இரைச்சல் குறைகிறது. நைலான் உறை நடுவில் வந்தால் அந்தத் தொடர்பு போய்விடும். பிரிட்ஜைத் தொட்டுப் பாருங்கள், குறைந்தால் வயரிங் சரியாகத்தான் இருக்கிறது.

பழைய கம்பியைக் கொதிக்க வைக்கலாமா? ரவுண்ட்வவுண்ட் என்றால் வைக்கலாம், உள்ளே அடைந்த அழுக்கு வெளியேறி கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று கேட்கும். உடனே துடைத்து நன்றாகக் காயவைக்காவிட்டால் துரு பிடிக்கும். ஒகேனக்கல் ஆடிப்பெருக்கு மேடை, கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி என்று வெளியே வாசித்துத் திரும்பியதும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைத்துவிட்டால் இந்தக் கொதிக்க வைக்கும் வேலையே பெரும்பாலும் வராது.

ஐந்து கம்பி பேஸ் வைத்திருப்பவர்களுக்கு: பி கம்பி 125 அல்லது 130 வரும். வாங்கும் முன் பிரிட்ஜ் ஓட்டையிலும் நட் பள்ளத்திலும் அது நுழையுமா என்று பாருங்கள். பள்ளத்தின் மேலேயே கம்பி உட்கார்ந்தால் எத்தனை தடவை சாடிலை நகர்த்தினாலும் முதல் ஃப்ரெட்கள் ஏறித்தான் கேட்கும். நட்டை அரம் போட்டு அகட்டும் வேலையை மட்டும் வீட்டில் முயலாதீர்கள், பெங்களூரில் நல்ல கைகள் இருக்கின்றன.