அடுத்தவர் வண்டி நம் இடத்தில் கிடந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்து மாதக்கணக்காகிறது. அவருடைய பழைய கார் மட்டும் போர்டிகோவிலேயே நிற்கிறது. டயரில் காற்றில்லை, பானட்டுக்குள் எலி குடித்தனம், போன் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். அபார்ட்மெண்ட்டாக இருந்தால் யாருடையது என்றே தெரியாத ஒரு பைக். காலி மனையாக இருந்தால் ஒருநாள் காலையில் திடீரென்று வந்து நிற்கும் லோடு வேன். தமிழ்நாட்டில் இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். எரிச்சல் நியாயமானது. ஆனால் அந்த எரிச்சலில் இடத்துக்காரர் செய்யும் காரியங்கள்தான் அவரையே ஸ்டேஷன் வாசலில் நிறுத்துகின்றன. இடம் உங்களுடையது என்பதால் வண்டியின் மீது உங்களுக்கு எந்த உரிமையும் வந்துவிடுவதில்லை.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, நாலு பேரைக் கூப்பிட்டு ரோட்டுக்குத் தள்ளிவிடுவது. இந்த யோசனைக்கு ஒரு காரணம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவுப்படி, பொது இடத்தில் 10 மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லச் சீருடையில் இருக்கும் அந்தப் பகுதி போலீஸ் அதிகாரி உத்தரவிடலாம். பொது இடத்துக்கு மட்டும்தான் இது; உங்கள் காம்பவுண்டுக்குள் செல்லாது. சரி, அப்படியென்றால் வெளியே தள்ளிவிட்டால் போலீஸே எடுத்துக்கொள்ளுமே என்று கணக்குப் போடுகிறார்கள். தெருவில் அந்த வண்டி உடைந்தாலோ காணாமல் போனாலோ, கடைசியாகக் கை வைத்தது யார் என்று எதிர்வீட்டு சிசிடிவி காட்டிக்கொடுக்கும். இருட்டில் நிற்கும் அந்த வண்டியில் யாராவது மோதினால் பிரச்சினை இன்னும் பெரிது.

அடுத்தது காயலான் கடை. இது எல்லாவற்றையும்விட ஆபத்தானது. உரிமையாளர் திரும்பி வந்தால், சூழ்நிலையைப் பொறுத்து, பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 303 (திருட்டு) அல்லது 314 (கையாடல்) என்று புகார் கிளம்பலாம். அவர் வராவிட்டாலும் தலைவலி தீராது. அந்த வண்டி வேறு ஊரில் திருடப்பட்டதாகவோ ஏதாவது குற்றத்தில் பயன்பட்டதாகவோ இருந்தால், தடயத்தை அழித்தவர் என்ற சந்தேகம் உங்கள் மேல் விழும். 2021-ல் வந்த வாகன அழிப்பு விதிகளின்படி பதிவுபெற்ற அழிப்பு மையங்கள்தான் வண்டியை முறையாக உடைக்கலாம். அங்கே உரிமையாளரின் ஆவணங்களைக் கேட்பார்கள், திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஆர்சி இல்லாத உங்களிடம் வாங்க மாட்டார்கள். எதையும் கேட்காமல் எடைபோட்டுக் காசு கொடுக்கிறவரிடம்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

பேப்பரில் விளம்பரம் கொடுத்துப் பதினைந்து நாள் காத்திருந்தால் வண்டி நமக்குச் சொந்தமாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஆகாது. உரிமையாளரைத் தேடினோம் என்பதற்கு அந்த விளம்பரம் ஒரு சாட்சி, அவ்வளவுதான்.

அப்புறம் என்னதான் செய்வது? வண்டியைத் தொடாமல் அதைச் சுற்றி வந்து படமெடுங்கள். நாலு பக்கமும், நம்பர் பிளேட்டும், கண்ணாடி வழியாகத் தெரியும் உள்பக்கமும் தெளிவாக வரட்டும். பைக் என்றால் ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்துப் பகுதியில் சேசிஸ் எண் பொறித்திருக்கும். கார் என்றால் பானட்டைத் திறக்கப் போக வேண்டாம். வெளியிலிருந்து தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். முன்கண்ணாடியை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரில் எந்த வங்கி கொடுத்தது என்று இருக்கும். அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் என்று எழுதிய சர்வீஸ் சென்டர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம்தான். அவர்கள் வாடிக்கையாளரின் எண்ணைத் தர மாட்டார்கள், ஆனால் ஒரு தகவல் சொல்லச் சொன்னால் பெரும்பாலும் சொல்வார்கள்.

எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்துதான் வரும். மற்ற விவரங்கள் முக்கியம்: எந்த ஆர்டிஓ, இன்சூரன்ஸ் எதுவரை, வண்டியின் நிறமும் மாடலும் ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகாவிட்டால் பிளேட்டே போலியாக இருக்கலாம், அப்போது நேராகப் போலீஸ்தான். ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி கடனுக்கு ஈடாக இருப்பது தெரிந்தால் அந்த நிதி நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தவணை கட்டாத வண்டியைத் தேடிக்கொண்டிருக்கும் நிறுவனத்துக்கு உங்கள் கடிதம் ஒரு நல்ல சேதி. வருகிறவர்களிடம் அத்தாட்சிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் பெற்றே வண்டியை விடுங்கள்.

ஆர்சியில் பெயர் இருப்பவரைக் கண்டுபிடித்தால், ‘வித்து மூணு வருஷமாச்சு சார்’ என்று கையை விரிப்பார். அவரை விட்டுவிடாதீர்கள். பெயர் மாற்றாமல் விற்றிருந்தால் சட்டத்தின் பார்வையில் அவர்தான் இன்னும் உரிமையாளர்; 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னால், வாங்கியவரின் போன் நம்பர் அவருக்கே சட்டென்று ஞாபகம் வரும். அவருக்கும் வண்டியை விட்டுப்போனவருக்கும் தேதி குறிப்பிட்டு நோட்டீஸ் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டதால், டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும்.

போலீஸிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவதில் பிரயோஜனமில்லை. எழுதிக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது (மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது) வாங்குங்கள். ‘பிரைவேட் இடம், சிவில் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாக்குவாதம் வேண்டாம். ‘திருட்டு வண்டியா என்று சரிபார்த்துக் கொடுங்கள், தகவல் தெரிவித்ததைப் பதிவு செய்யுங்கள்’ என்று மட்டும் கேளுங்கள். மறுக்க அவர்களுக்குக் காரணம் குறைவு. சந்தேகத்துக்குரிய வண்டி என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106-வது பிரிவில் அவர்கள் கைப்பற்றலாம். அப்புறம் அது மாஜிஸ்திரேட்டிடம் போகும். உரிமையாளர் தெரியாவிட்டால் 503-வது பிரிவின்படி, ஆறு மாதத்துக்குள் உரிமை கோரலாம் என்று அறிவிப்பு வரும். யாரும் வராவிட்டால் ஏலம்வரை போகலாம். ஏலத்தில் எடுப்பவர் படிவம் 32 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். முன்பின் தெரியாத வண்டி புதிதாக வந்து நின்று மனதுக்கு உறுத்தினால், இந்தக் கடிதப் போக்குவரத்தெல்லாம் அப்புறம். தள்ளி நின்று 112-க்கு அடியுங்கள்.

ஆள் தெரிந்தும் எடுக்க மறுத்தால், அகற்றச் சொல்லி உத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். காருக்கு, அதுவும் கடை வாசலை மறித்து நிற்கிற காருக்கு, போகலாம். ஒரு துருப்பிடித்த பைக்குக்காக வக்கீல் ஃபீஸ் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சங்கிலி போட்டுப் பூட்டி, ‘நாளைக்கு இவ்வளவு வாடகை, கட்டினால்தான் வண்டி’ என்பதும் வேண்டாம். ஒப்புக்கொள்ளாத வாடகையை நீங்களாக நிர்ணயித்து வண்டியைப் பிடித்து வைத்தால், புகார் கொடுக்க வேண்டிய நீங்கள் பதில் சொல்பவராகிவிடுவீர்கள். குடியிருந்தவரின் வண்டி என்றால் இதைக் காலி செய்யும் நாளிலேயே தீர்த்திருக்கலாம்: சாவியோடு வண்டியும் வெளியே போனபிறகு அட்வான்ஸ் கணக்கை முடிப்பது.

ஒர்க் ஷாப் வைத்திருப்பவர்கள் நிலை கொஞ்சம் வேறு. வேலை பார்த்த கூலிக்காக வண்டியைப் பிடித்து வைக்க இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு இடம் தருகிறது. பிடித்து வைக்கத்தான், விற்க அல்ல. பாகங்களைக் கழற்றி அடுத்த வண்டிக்குப் போடுவதும் அதில் சேராது. எஸ்டிமேட் கேட்டுவிட்டு மாயமாகிறவர்கள் இந்தத் தொழிலில் அதிகம் என்பதால், வேலை முடிந்து எத்தனை நாளுக்குப் பிறகு பார்க்கிங் கட்டணம் ஓடும் என்பதை ஜாப் கார்டிலேயே அச்சடித்து, வண்டி உள்ளே வரும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கூடவே இன்னொரு போன் நம்பரும்.